எண்ணெய் போன பிறகு

ஒருவனை அறிவிலி என்று ஏசுவதற்குத் தமிழில் வார்த்தைப் பஞ்சம் என்றைக்கும் இருந்ததில்லை, என்றாலும், "உன் மண்டையில் இருப்பது மூளையா, பிண்ணாக்கா?" என்று கேட்டுவிட்டால், அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது நம்மவர்களுடைய பொதுவான அபிப்பிராயம். இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப் புகும் பதார்த்தத்துக்கு நம் பாஷையில் உள்ள மரியாதை இவ்வளவுதான். ஆனால் புரதச்சத்து ஒன்றையே அளவுகோலாக வைத்துக்கொண்டு இந்த வசையைத் தராசில் இட்டுப் பார்த்தால் விஷயம் தலைகீழாகிவிடுகிறது. ஆட்டு மூளையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்று மேற்பட்ட புரதமே உண்டு. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். நல்ல கடலைப் பிண்ணாக்கிலோ நூற்றுக்கு 45 முதல் 50 பங்கு வரை புரதம் இருக்கிறது. ஏசினவர் தம்மை அறியாமலே புகழ்ந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு மரச்செக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் துணி கட்டிய ஒற்றை மாடு காலை முதல் உச்சிப்பொழுது வரை சுற்றிவர, உலக்கை உரலின் வயிற்றுக்குள் கரகரவென்று புரள, எள் நசுங்கி, நசுங்கின எள் பொடியாகி, பொடி பிசினாகி, அந்தப் பிசினில் செக்குக்காரர் கருப்பட்டியை உடைத்துப் போட்டுச் சிறிது தண்ணீரும் தெளித்த பிறகுதான், எண்ணெய் வேறு சக்கை வேறு என்று பிரிந்து நிற்கத் தொடங்கும். எண்ணெயை வடித்தெடுத்தபின் உரலின் சுவரோடு அப்பிக்கொண்டிருக்கும் பிண்ணாக்கை அவர் கடப்பாரையால் பெயர்த்தெடுக்கும் நேரத்துக்காகவே நாங்கள் நாலைந்து பேர் அங்கே காத்துக்கொண்டு நிற்போம். ஆளுக்கொரு துண்டு கிடைக்கும். கறுப்பாக, வெதுவெதுப்பாக, விரல் பட்ட இடமெல்லாம் பளபளக்கும் அந்தத் துண்டைக் கடித்தால் முதலில் கருப்பட்டியின் தித்திப்பும், அதன் பின்னால் எள்ளின் மணமும், எல்லாவற்றுக்கும் கடைசியில் நாக்கின் அடியில் லேசானதொரு கசப்பும் தெரியும். அந்தக் கசப்புக்கு ஒரு காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

வித்து என்பது செடி தன் குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. மண்ணுக்குள்ளே இருட்டில் முளைவிடும் கன்றுக்குச் சூரிய ஒளியில் சமைத்துக்கொள்ள இலை வரும் வரையில் உயிர் பிடித்திருக்க எரிபொருளும் வேண்டும், உடல் வளர்க்கும் சாமான்களும் வேண்டும். எரிபொருள்தான் எண்ணெய், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள மிகச் சிறிய துளிகளாக, ஒவ்வொரு துளிக்கும் ஒரு மெல்லிய சட்டை போட்டு, அது செல்லுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதே செல்லில் அத்துளிகளுக்கு நடுவே அவற்றைவிடப் பெரிய உருண்டைகளாகப் புரதம் சேமிக்கப்பட்டிருக்கிறது. செக்கு செய்கிற காரியமெல்லாம் இந்தச் செல்களின் சுவரை இடித்து, துளிகளை ஒன்றோடொன்று கலக்கவிட்டு, ஒழுகுகிறதை ஒழுகவிடுவதுதான். வேர்க்கடலைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம்; அந்தப் பாதி போய்விட்டால் மிஞ்சினதில் புரதம் தானாகவே பாதியாக உயர்ந்துவிடுகிறது. நாட்டுச் செக்கின் பிண்ணாக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் எண்ணெய் தங்கும். திருகு உருளையால் நெரிக்கும் எக்ஸ்பெல்லர் இயந்திரம் அதை ஆறு, ஏழு, எட்டு என்கிற அளவுக்குக் கொண்டுவரும். ஹெக்ஸேன் என்னும் பெட்ரோலிய திரவத்தை ஊற்றிக் கழுவியெடுத்தால் ஒரு பங்குதான் நிற்கும்.

இவ்வளவு சத்துள்ள பொருளை மாட்டுக்கும் தென்னைக்கும் போட்டுவிட்டு நாம் ஏன் சும்மா இருந்தோம் என்று கேட்பது நியாயமே. முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர். மாட்டுக்குப் போட்ட பிண்ணாக்குப் பாலாகத் திரும்பி வந்தது, வயலுக்கு இட்ட வேப்பம் பிண்ணாக்கு நெல்லாகத் திரும்பி வந்தது, நுரைக்கும் சரக்குள்ள இலுப்பைப் பிண்ணாக்கு வெள்ளிக்கிழமை தலைமுழுக்குக்கு உதவிற்று. ஆனால் மாட்டுக்கு என்று ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால், அதற்கப்புறம் அதை யாரும் மனிதர் தின்னும் பொருளைப்போல் கையாள்வதில்லை. "எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது?" என்று நம் பழமொழி கேட்கிறதே, அது ஏதோ வேண்டாத விருந்தாளியைப் பார்த்துக் கேட்டது என்றுதான் எல்லோரும் அர்த்தம் பண்ணுகிறோம், உணவு ரசாயன சாஸ்திரிக்கோ அது நேருக்கு நேராகக் கேட்கவேண்டிய கேள்வி. எலிப்புழுக்கை எண்ணெயோடு போவதில்லை, பிண்ணாக்கோடுதான் தங்குகிறது. மண், கல், சொத்தைப் பருப்பு, பூஞ்சணம் எல்லாவற்றுக்கும் அதுவே கதி. பிண்ணாக்கிலிருந்து உணவுப்பொருள் எடுக்கும் சாஸ்திரத்தில் இன்றுவரை நேர்ந்த தோல்விகளில் பெரும்பாலானவை பிரித்தெடுக்கும் கட்டத்தில் நேர்ந்தவை அல்ல. அது பிண்ணாக்காவதற்கு முன்னும் ஆன உடனேயும் யாரோ ஒருவர் காட்டிய அலட்சியத்தில் நேர்ந்தவை. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு சங்கதியைத்தான் வெவ்வேறு வேஷத்தில் பார்க்கப் போகிறோம்.

பிரித்தெடுக்கும் வித்தை எவ்வளவு சுலபமானது என்பதை வாசகர் தம் சமையலறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். தெரிந்த செக்குக்காரர் ஒருவரிடம் தோல் நீக்கிப் பொறுக்கின வேர்க்கடலைப் பருப்பைக் கொடுத்து ஆட்டச் சொல்லி, அந்தப் பிண்ணாக்கையே வாங்கிவந்து, இடித்துச் சலித்து, ஐம்பது கிராம் மாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரண்டு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு அரைமணி நேரம் கலக்கிக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டினால், துணிக்கு மேலே திப்பி நிற்கிறது. கீழே இறங்குவது பார்வைக்குப் பசும்பாலேதான், மேலே ஆடைபோல் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் மிதக்கிறது. அந்தப் பாலில் எலுமிச்சம்பழச் சாற்றை ஒவ்வொரு கரண்டியாக விட்டேன். முதல் கரண்டிக்குச் சோடா நுரைத்துப் பொங்கி அடங்கிற்றே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாவதற்கும் அப்படியே. அடுத்த கரண்டி பாதி இறங்கும்போது, கண்முன்னாலேயே, பால் திரிந்தது. வெள்ளைத் திரள் திரளாகப் புரதம் ஒருபக்கம், மங்கலான நீர் ஒருபக்கம். திரளை வடித்துப் பிழிந்தால், பச்சைக் கடலை வாசனையோடு, தொட்டால் பன்னீர்போல் நெகிழ்கிற ஒரு கட்டி. ஆலைகளில் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுத் தொட்டிகளில் நடப்பதும் சாராம்சத்தில் இதுதான். சோடாவுக்குப் பதில் காரம், எலுமிச்சைக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், துணிக்குப் பதில் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் வடிப்பான்.

திரிவதன் ரகசியம் இதுதான். புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் தன் உடம்பெல்லாம் நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் புள்ளி புள்ளியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீரில் சிறிது காரம் இருந்தால் எதிர்மின்னேற்றம் ஓங்கிவிடும்; ஒரே மின்னேற்றமுள்ளவை ஒன்றையொன்று தள்ளுமாதலால், மூலக்கூறுகள் ஒட்டாமல் தனித்தனியே நீரில் கரைந்து நிற்கின்றன. அமிலம் சேரச்சேர அந்த மிகுதி குறைந்துவந்து, ஒரு கட்டத்தில் நேரும் எதிரும் சமமாகிவிடுகின்றன. தள்ளுவதற்குக் காரணம் இல்லாமற் போனவுடன் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து திரண்டு விழுகின்றன. பசும்பாலின் கேசீன் புரதத்துக்கு இந்தச் சமநிலை பி.எச். 4.6; கடலைப் புரதத்துக்கு ஏறக்குறைய 4.5. எலுமிச்சை அளவு மீறினால் திரண்டது மறுபடி கரையவும் தொடங்கும். ஆகவே கை நிதானம் வேண்டும். மாவாக நின்றால் நூற்றுக்கு ஐம்பது, சர்க்கரை முதலானவற்றைக் கழுவிவிட்டால் எழுபது, இப்படித் திரட்டி உலர்த்தினால் தொண்ணூறு என்று புரதத்தின் செறிவு படிப்படியாக ஏறுகிறது.

இந்த வழிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்நாள் முழுவதும் வித்துப் புரதங்களையே ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் பர் ஆஸ்பர்ன். தண்ணீரில் கரைவன, உப்புநீரில் கரைவன, சாராயத்தில் கரைவன, காரத்தில் கரைவன என்று அவர் புரதங்களை நான்கு ஜாதியாகப் பிரித்த முறை இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த முறையைப் பின்பற்றி 1916ஆம் ஆண்டில் ஜான்ஸ், ஜோன்ஸ் என்னும் இருவர் வேர்க்கடலையின் புரதத்தை அராக்கின், கோனராக்கின் என இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்.

1950ஆம் ஆண்டில் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் முதல் டைரக்டராக வந்தவர் டாக்டர் வி. சுப்பிரமணியன். பால் வாங்க வழியில்லாத குழந்தைகளுக்குப் புரதம் எங்கிருந்து கொடுப்பது என்பது அக்காலத்தில் உலகத்தையே உறுத்திய கேள்வி. மைசூர்க்காரர்கள் கொடுத்த விடை எளிமையானது: எண்ணெய் நீக்கிய கடலை மாவு 75 பங்கு, கொண்டைக்கடலை மாவு 25 பங்கு, மேலே வைட்டமின்களும் தாது உப்புக்களும். 'பல்நோக்கு உணவு' என்று அதற்குப் பெயர். இட்லி மாவிலோ குழம்பிலோ ரொட்டியிலோ எதில் வேண்டுமானாலும் ஒரு கைப்பிடி சேர்த்துவிடலாம். அதே நிலையத்தார் பின்னர் கடலையிலிருந்து திரட்டிய புரதத்தைப் பாலோடு கலந்து 'மில்டோன்' என்னும் பானத்தையும் உண்டாக்கினார்கள். ஒரு லிட்டர் பால் இரண்டு லிட்டருக்கு வேலை செய்தது. பிண்ணாக்குக்கு யோகம் பிறந்துவிட்டது என்றே அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

1960ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பண்ணைகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. காரணம் புலப்படாமையால் அந்நோய்க்கு 'எக்ஸ்' என்றே பெயரிட்டார்கள். தொற்றுநோய் என்று தேடினார்கள், கிருமி அகப்படவில்லை. தீவனத்தைத் தேடினார்கள், செத்த குஞ்சுகள் தின்ற தீவனத்தில் பிரேசில் தேசத்திலிருந்து கப்பலில் வந்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அந்தப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் மஞ்சள் பச்சைப் பூஞ்சணம் விட்டுச்சென்ற விஷம் இருந்தது. பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கி விஷத்துக்கு அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். சமையல் சூட்டுக்கு இது அழிவதில்லை, ஈரலைத் தாக்குகிறது, நாள்பட்டால் ஈரலில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. புறஊதாக் கதிரில் பார்த்தால் ஒரு வகை நீலமாகவும் இன்னொரு வகை பச்சையாகவும் ஒளிவிடும். இதைத் தின்ற பசுவின் பாலில்கூட இதன் ஒரு மாற்றுருவம் வந்து சேருகிறது என்பதால், 'மாட்டுக்குத்தானே' என்கிற சமாதானமும் எடுபடாமற் போயிற்று.

இங்கே சற்று நின்று, அந்தப் பூஞ்சணம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். தென்னாற்காட்டுப் பக்கத்தார் மல்லாட்டை என்று சொல்லும் கடலையைப் பிடுங்கிப்போட்ட பிறகு மழை பிடித்துக்கொண்டால், அல்லது காயாமலே அம்பாரம் போட்டுவிட்டால், அல்லது மண்வெட்டி பட்டு ஓடு உடைந்திருந்தால், பூஞ்சணம் உள்ளே புகுகிறது. ஆனால் எல்லாப் பருப்பிலும் சமமாகப் புகுவதில்லை. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டே மொத்த விஷத்தையும் சுமந்துகொண்டிருக்கலாம். அவை பெரும்பாலும் பார்வைக்கே தெரியும்: சூம்பினவை, நிறம் மாறினவை, சொத்தை. களத்தில் பெண்கள் முறத்தில் வைத்துப் பொறுக்கித் தள்ளுகிறார்களே, அந்தக் கையளவு வேலை விஷத்தில் மிகப் பெரும் பங்கை நீக்கிவிடுகிறது. நீக்கின சொத்தை எங்கே போகிறது? குப்பைக்குப் போவதில்லை. முழுப் பருப்பு மிட்டாய்க்கும் வறுகடலைக்கும் ஏற்றுமதிக்கும் போக, கழித்துத் தள்ளின சொத்தை, எண்ணெய் ஆலைக்கு மலிவு விலையில் போகிறது. விஷம் எண்ணெயில் சொற்பமே இறங்கும். பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும். மனிதனுக்கு வேண்டாமென்று ஒதுக்கினதெல்லாம் எதில் போய்ச் சேருகிறதோ, அதிலிருந்தே மனிதனுக்கு உணவு செய்யப் புறப்பட்டோம் என்பதுதான் அன்று நடந்த விபரீதம். காரத்தில் கரைத்து அமிலத்தில் திரட்டும் வித்தையில் எந்தப் பிழையும் இல்லை. அம்மோனியா வாயுவைச் செலுத்தி அஃப்லடாக்சினை அழிக்கும் முறையும் பிறகு வந்தது. அது தீவனத்துக்குச் சரி, குழந்தை உணவுக்கு அதைச் சிபாரிசு செய்ய என் மனம் ஒப்பவில்லை.

சூடு என்பது இன்னொரு பகைவன். எக்ஸ்பெல்லர் இயந்திரத்தின் பீப்பாய்க்குள் உராய்வினாலேயே வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டிப் போகிறது. அந்தச் சூட்டில் புரதத்தின் மடிப்புக்கள் குலைந்து கரையும் குணம் போய்விடுகிறது; லைசின் என்னும் மிக அவசியமான அமினோ அமிலம் பக்கத்திலுள்ள சர்க்கரையோடு பிணைந்து ஜீரணத்துக்கு அகப்படாமல் ஒளிந்துகொள்கிறது. தோசை முறுகலுக்கும் ரொட்டியின் மேல்தோலுக்கும் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் கொடுப்பது இதே கிரியைதான். தோசையில் வரவேற்கிறோம், பிண்ணாக்கில் நஷ்டம். ஆகவேதான் உணவுக்கென்று மாவு செய்யும் ஆலைகளில், ஹெக்ஸேன் திரவத்தால் எண்ணெயைக் கழுவிவிட்டு, 69 டிகிரியிலேயே அது கொதித்துவிடும் என்கிற சௌகரியத்தைப் பயன்படுத்தி, மாவு வேகாமல் நொடிப்பொழுதில் ஹெக்ஸேன் ஆவியை ஓட்டிவிடுகிறார்கள். தீவனத்துக்கானால் இந்தப் பக்குவமெல்லாம் யாருக்கும் வேண்டியதில்லை, நன்றாக வறுத்துவிடுகிறார்கள்.

பருத்திக்கொட்டையின் பிண்ணாக்கில் காசிபோல் என்னும் மஞ்சள் சாயம் இருக்கிறது. அசைபோடும் மாடு அதைத் தாங்கிக்கொள்ளும், நம்மால் ஆகாது. 1970களில் சீனர்கள் அதை ஆண்களுக்குக் கருத்தடை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள் என்றால் அதன் வீரியம் விளங்கும். மதுரைத் தெருக்களில் கருப்பட்டியும் சுக்கும் போட்டு விற்கும் பருத்திப்பாலைக் குடித்தவர்கள் பயப்பட வேண்டாம். கொதிப்பில் காசிபோலின் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்து அடங்கிவிடுகிறது. குவாத்தமாலா தேசத்தில் மக்காச்சோளத்தோடு பருத்திக்கொட்டை மாவைச் சேர்த்து 'இன்கபரினா' என்று குழந்தைகளுக்கு உணவு செய்தபோதும் இந்த விஷயத்தில் விழிப்பாகவே இருந்தார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் கீர்த்தி ராத்தோர் என்னும் இந்தியரும் அவருடைய சகாக்களும், இலையிலும் தண்டிலும் பூச்சியைத் தடுக்கக் காசிபோலை வைத்துக்கொண்டு, விதையில் மட்டும் அதை அடக்கிவிடும் பருத்திச்செடியை உண்டாக்கினார்கள். அதை அவர்கள் வெளியிட்டது 2006இல், அமெரிக்க அரசு அந்த விதையை உணவாக அங்கீகரித்தது 2019இல். விதையிலேயே திருத்தம் செய்வது இதுதான்.

சூரியகாந்தியின் கதை விஷக்கதை அல்ல, வர்ணக்கதை. அதன் பிண்ணாக்கில் காப்பிக்கொட்டையில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் தாராளமாக உண்டு. காரநீரில் புரதத்தைக் கரைக்கப் போனால் அந்த அமிலம் காற்றோடு சேர்ந்து பச்சையாகிப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. நல்ல புரதம், பாசி படிந்த குட்டையின் நிறத்தில் வந்து நிற்கும். பச்சை ரொட்டியை எவர் வாங்குவார்? சாராயம் கலந்த நீரால் முதலில் அந்த அமிலத்தைக் கழுவித் தனியே எடுத்துக்கொண்டு பிறகு புரதத்துக்குப் போவது புத்திசாலித்தனமான வழி. எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கும் குணம் அந்த அமிலத்துக்கு உண்டாதலால், ஒரு தொல்லை இரண்டாவது சரக்காக மாறிவிடுகிறது.

இனி, என் நாக்கின் அடியில் நின்ற கசப்புக்கு வருவோம். எள்ளின் தோலில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுந்திருக்கிறது. கசப்புக்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். தோலோடு ஆட்டின எள்ளுப் பிண்ணாக்கில் அது முழுவதும் தங்கிவிடுகிறது. ஊறவைத்துத் தேய்த்துத் தோலை நீக்கி, வெள்ளை எள்ளாக்கி ஆட்டினால் கசப்பும் போய்விடும், மாவும் வெளுப்பாக வரும். அந்த மாவின் புரதத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது: மற்ற வித்துக்களில் அரிதான மெதியோனின் என்னும் அமினோ அமிலம் எள்ளில் நிறைய உண்டு, லைசின் குறைவு. பருப்பு வகைகளிலோ லைசின் மிகுதி, மெதியோனின் குறைவு. எள்ளுப்பொடியைச் சோற்றிலிட்டுப் பருப்போடு பிசைந்தவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ருசியாக இருந்தது, செய்தார்கள்.

நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைக் காட்டிலும் கெடாமல் நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள செசமின், செசமோலின் முதலிய லிக்னான்களும், சூட்டில் செசமோலினிலிருந்து பிறக்கும் செசமோலும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த செய்தி. இவை எண்ணெயில் கரைபவை. ஆதலால் எண்ணெயோடு போய்விட்டன, பிண்ணாக்கில் ஒன்றுமில்லை என்றே இருந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் எண்ணெய் நீக்கிய எள்ளைத் துருவிப் பார்த்தபோது, அதே குடும்பத்தைச் சேர்ந்த செசமினால், மூன்று சர்க்கரை மூலக்கூறுகளைத் தோளில் சுமந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது. சர்க்கரையைச் சுமந்ததனால் அது எண்ணெயில் கரையாமல் நீரில் கரையும் பொருளாகிவிட்டது. எண்ணெய் ஓடியபோது அதோடு போகாமல் தங்கினதும் அதனால்தான். சாராயமும் நீரும் கலந்த கரைப்பானில் பிண்ணாக்கை ஊறவைத்தால் அது இறங்கிவருகிறது. நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிட, உள்ளே இருக்கும் லிக்னான் விடுதலை பெறுகிறது. இதைக் குப்பியில் அடைத்து விற்பவர்கள் சொல்லும் மகிமைகள் அவ்வளவையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் பொருள் இருப்பது மெய்.

பிண்ணாக்கோடு எண்ணெயாலையின் கழிவு முடிந்துவிடவில்லை; எண்ணெயைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு படியிலும் ஒரு வண்டல் விழுகிறது. சோயா எண்ணெயைச் சூடாக்கிச் சிறிது தண்ணீர் சேர்த்தால் பிசின்போல் ஒன்று தடித்து அடியில் இறங்கும். அதை உலர்த்தினால் லெசித்தின். பாரிஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் கோப்ளே என்பவர் முட்டை மஞ்சட்கருவில் இதைக் கண்டு, கிரேக்கர்கள் மஞ்சட்கருவுக்குச் சொல்லும் 'லெகிதோஸ்' என்னும் சொல்லைக்கொண்டே 1850இல் பெயரிட்டார். எண்ணெயையும் நீரையும் சமாதானமாக ஓரிடத்தில் வைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. சாக்லெட் குழம்பில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே குழம்பு இளகி ஓடும். விலையுயர்ந்த கோக்கோ வெண்ணெயில் மிச்சம் பிடிக்கலாம். கடையில் வாங்கும் சாக்லெட், பிஸ்கோத்து உறைகளில் 322 என்கிற எண் அச்சிட்டிருந்தால் அது இந்த வண்டல்தான்.

எண்ணெயின் வாடையை நீக்குவதற்காக வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தும்போது ஆவியோடு பறந்து போவதைக் குளிரவைத்தால் கிடைக்கும் கறுப்புக் குழம்பில் வைட்டமின் ஈ இருக்கிறது. 1922இல் கலிபோர்னியாவில் ஈவன்ஸும் பிஷப்பும் கண்டறிந்த இந்த வைட்டமினை அந்தக் குழம்பிலிருந்து பிரிக்க வழி கொடுத்தது, சற்றும் எதிர்பாராத ஓர் இடம்: புகைப்படச் சுருள் செய்யும் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனி. அங்கே வெற்றிடப் பம்புகளைச் சீர்திருத்திக்கொண்டிருந்த கென்னத் ஹிக்மன், காற்று அநேகமாக இல்லாத வெளியில், ஒரு சூடான தகட்டிலிருந்து எதிரே விரற்கடை தூரத்தில் இருக்கும் குளிர்ந்த தகட்டுக்கு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாமலே தாவிவிடும் என்னும் தத்துவத்தைக் கொண்டு, கொதிக்கவைத்தால் கருகிவிடும் பொருள்களையும் வாலைவடிக்கலாம் என்று காட்டினார். மீன் ஈரல் எண்ணெயின் வைட்டமின் ஏ முதலில் அப்படி வந்தது. வித்தெண்ணெயின் வைட்டமின் ஈ பின்னால் வந்தது.

தவிட்டெண்ணெயின் நிலைமை சற்றுப் பரிதாபமானது. அதற்கே உரிய ஓரிஜனால் என்னும் பொருளை 1950களில் ஜப்பானியர் கண்டுபிடித்தார்கள். காரம் விட்டு எண்ணெயைச் சுத்தம் செய்தால், அதில் பெரும்பகுதி சோப்பு வண்டலோடு போய்விடுகிறது. அந்த வண்டலிலிருந்துதான் மறுபடி அதைத் தோண்டியெடுக்கிறார்கள். தவிட்டிலும் அலட்சியமே பிரதானக் குற்றவாளி: அரிசியைத் தீட்டின கணத்திலிருந்து தவிட்டிலுள்ள லைபேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது, சில மணி நேரம் மூட்டையில் கிடந்தாலே எண்ணெய் உணவுக்கு ஆகாதபடி புளித்துவிடும். இங்கே மட்டும் நம்மவர்களுக்குத் தெரியாமலே ஓர் அனுகூலம் அமைந்தது. நெல்லைப் புழுக்கும்போதே அந்த நொதி செத்துவிடுகிறது. புழுங்கல் தவிட்டில் எண்ணெயும் அதிகம். மைசூரிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் சுப்பிரமணியன் பிற்காலத்தில் திருவாரூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சியில் இறங்கி உழைத்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தஞ்சாவூரில் இன்றிருக்கும் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அந்த வேரிலிருந்து வளர்ந்தது.

இப்போது நகரந்தோறும் மரச்செக்குக் கடைகள் மறுபடி தோன்றியிருக்கின்றன. செக்கில் சூடு குறைவு, கரைப்பான் இல்லை, பருப்பை ஆட்டுகிறவர் கண்முன்னால் நிற்கிறார். உணவுக்கு உதவும் பிண்ணாக்குக் கிடைப்பதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் நான் போய்ப் பார்த்த கடைகள் பலவற்றில் எண்ணெய் கண்ணாடிப் புட்டியில் அலங்காரமாக முன்னால் இருக்க, பிண்ணாக்குப் பின்கட்டில் ஈரத் தரையில் சாக்கு மூட்டையாகக் கிடந்தது. அடுத்த முறை எண்ணெய் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சொத்தையைப் பொறுக்கிவிட்டா ஆட்டினீர்கள், ஆட்டின பிண்ணாக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்? முதல் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். செக்கெண்ணெய் ஆலையெண்ணெயைப்போல் சுத்திகரிக்கப்படுவதில்லையாதலால், சொத்தையிலிருந்து இறங்கும் சொற்ப விஷமும் அப்படியே உங்கள் புட்டிக்குள்தான் வருகிறது.